ஸ்வீட்டிக்கு வளைகாப்பு, எனக்கு அழைப்பில்லை

ஜூலை 9

மலைப்படிக்குப் போகும் தெருவில் முருகன் படங்களுக்குச் சட்டம் போட்டு விற்பது என் தொழில். நாய் வைத்தியம் உபதொழில். வருமானம் கிடையாது, பெருமை மட்டும். எந்த நாய்க்கு வயிறு கெட்டாலும் தெருவே என்னிடம்தான் வரும். வந்துகொண்டிருந்தது. என் மச்சான் ஜெயப்பிரகாஷ் மொட்டைமாடியில் லேப்ரடார் நாய்க்குட்டி வியாபாரம் ஆரம்பிக்கும்வரை.

இன்று மெக்கானிக் முஸ்தஃபா பூனையைத் தூக்கிக்கொண்டு என் கடையைத் தாண்டியே போகிறார். "இன்னா பாய், எங்க?" என்றேன். "உங்க மச்சான் டாக்டராண்ட."

டாக்டராம்!

ஜூலை 10

அவனுடைய நாய் ஸ்வீட்டி மறுபடியும் சினை. போன ஈற்றின் மடியே இன்னும் வற்றவில்லை. விலா எலும்பை எண்ணலாம். அவன் தொப்பையைத்தான் எண்ண முடியாது.

ஜூலை 13

நாய்க்கு வளைகாப்பு! தெருவே போயிருக்கிறது. என்னைத் தவிர.

என் மனைவி மோகனப்ரியா கை நிறைய வளையலும் ஒரு டப்பா புளியோதரையுமாக வந்தாள். "ஸ்வீட்டி கழுத்துல வளையல் மாலை, நெத்தியில சந்தனம்... என் தம்பிக்கு எப்படித்தான் தோணுதோ!"

"அக்கா வூட்டுக்காரனைக் கூப்புடணும்னு தோணலையா?"

"கேட்டேன். 'பாவா கிண்டல் பண்ணுவாரு அக்கா'ன்னான்."

பண்ணுவேன்தான். கூப்பிட்டிருந்தால் சாப்பிட்டுவிட்டுப் பண்ணியிருப்பேன். (புளியோதரை பிரமாதம். இரண்டு முறை போட்டுக்கொண்டேன். அவளிடம் உப்பு கம்மி என்றேன்.)

கடைசியில்தான் சொன்னாள்: வந்தவர்களெல்லாம் கால்சியம் டானிக் வாங்கி வந்தார்களாம், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பது போல. அவன் தினமும் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறானாம். எனக்குப் புரையேறிவிட்டது. சினை நாய்க்குக் கால்சியத்தை வெளியிலிருந்து கொட்டினால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை அதன் உடம்பு மறந்துவிடும். குட்டிகள் பாலை உறிஞ்சும்போது ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி, இழுப்பு வந்து, நாயே போய்விடலாம்.

ஜூலை 14

சொல்லலாமா? சொன்னால் ஸ்வீட்டி பிழைக்கும். அவன் அடுத்த ஈற்றுக்கும் தயாராவான். அப்புறம் நான் யார்? அந்த அநியாயத்துக்குச் சம்பளமில்லாத ஆலோசகன். சொல்லாமல் இருப்பதுதான் கொள்கை.

கொள்கையா? அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'வயிற்றெரிச்சல்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். நாளைக்கு யாராவது படித்தால்?

ஜூலை 18

சொல்லத்தான் போனேன். குட்டிக்குச் சொல்லி வைக்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு லுங்கி வியாபாரி வந்திருந்தார். மச்சான் அறிமுகப்படுத்தினான்: "இவரு எங்க பாவா. ஃப்ரேம் போடுவாரு."

அவ்வளவுதான். இத்தனை வருஷ நாய் ஞானமும் ஒரே வரியில் ஃப்ரேமுக்குள் போய்விட்டது. காபியைக் குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன்.

ஸ்வீட்டி கேட்வரை வந்து என் கையை நக்கியது. சனியன்.

ஜூலை 27

எட்டுக் குட்டிகள். தானே பெற்றது போல ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 16

ஆடிக் கிருத்திகை. ஊரே காவடி. வண்டிகளையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

காலையில் மச்சான் மனைவி பிரியங்கா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "அண்ணா, ஸ்வீட்டி வெடவெடன்னு நடுங்கிகினு கீது. நிக்க முடில. அவரு அழுதுகினு கீறாரு."

கடையைச் சாத்தக்கூட இல்லை. போய்க் குட்டிகளை மடியிலிருந்து பிரித்தேன். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஈரத்துணி போட்டேன். கால்நடை டாக்டர் சாயிராவுக்குப் போன் செய்தால், "உடனே தூக்கிட்டு வாங்க" என்கிறார். எதில் தூக்க? சட்டம் செய்ய வைத்திருந்த நீளக் கட்டையைக் கடையிலிருந்து எடுத்து வந்து, அதில் போர்வையைத் தூளிபோல் கட்டினோம். முன்னால் மச்சான், பின்னால் நான். கூட்டத்துக்கு என்ன தெரிந்ததோ, "அரோகரா!" என்று வழி விட்டது. யாரோ போர்வைமேல் மாலையே போட்டுவிட்டார்கள். முருகா, இந்தக் காவடியையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

டாக்டர் நரம்பில் மெல்ல மெல்ல மருந்து ஏற்றினார். நடுக்கம் அடங்கியது. "சினையில டானிக் ஊத்தினீங்களா? கூடாதுன்னு யாரும் சொல்லலையா?"

மச்சான் தலை குனிந்தான். எனக்கும் தலையைத் தூக்க முடியவில்லை.

வெளியே வந்து, "பாவா, குட்டிங்களுக்குப் பாட்டில்ல பால் குடுக்கணுமாமே. நீங்கதான் கத்துக்குடுக்கணும்" என்றான்.

"ஸ்வீட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன். ஒத்துக்கினா வரேன்."

"ஒரே ஒரு ஈத்து மட்டும், பாவா..."

நான் செருப்பை மாட்டினேன்.

"ஆங், சரி! சரி! போவாதீங்க!"

ஆகஸ்ட் 17

அவனிடம் சொல்லிவிட்டேன், ஜூலையிலேயே தெரியும் என்று. "ஏன் சொல்லல பாவா?" என்றான். வளைகாப்பைச் சொன்னேன். "அதுக்கா?"

அதற்குத்தான்.

அக்டோபர் 5

ஆபரேஷன் முடிந்து தையலும் பிரித்தாகிவிட்டது. ஸ்வீட்டி கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. தினமும் காலையில் என் கடைக்கு வந்து, வள்ளி தெய்வானைப் படங்களுக்குக் கீழே படுத்துக்கொள்கிறது.

இன்று மச்சான் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தான். "ஸ்வீட்டி, வூட்டுக்கு வாடி." வாலை ஒருமுறை ஆட்டியது. எழுந்திருக்கவில்லை. பாக்கெட்டைப் பிரித்துக் காட்டினான். தலையை என் கால்மேல் வைத்துக்கொண்டது.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். எனக்குத் தெரிந்த பார்வைதான். ஜூலை முழுக்க முகம் மழிக்கும் கண்ணாடியில் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். "உக்காரு மச்சான். டீ சொல்றேன்."