கன்னத்தில் வைத்த கை

ஜார்ஜ் டவுன்,
டிசம்பர் 2

அன்பு மகள் சுபாஷினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் உடம்பைப் பார்த்துக்கொள்ள உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நலமில்லாதவள் உன் அம்மா ஒருத்திதான், அவளுக்காகத்தான் இந்தத் தாளை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்பாய். பேசினால் நீ குறுக்கே பேசுவாய், மெசேஜில் எழுதினால் அது எங்காவது கிடக்கும், தாள் என்றால் படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம். விரைவுத் தபாலில் போடுகிறேன், இருபதாம் தேதி நீ விமானம் ஏறுவதற்குள் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்துவிடும் என்று கவுண்டர் பெண் சொல்கிறாள்.

நரம்பு தசையைத் தொடுகிற இடத்தைப் பற்றி ஏழு வருடமாகப் படிக்கிறாய். அங்கே இருக்கிற புரதத்தை உறைய வைத்துப் படம் எடுக்கிறாய் என்று உன் அத்தை லோகேஸ்வரி கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உன்னைப் பெற்றவள் உடம்பில் அதே இடம் கெட்டுப்போனது உன் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? உன் ஆய்வுக்கூட வேலை முடிந்து நீ கூப்பிடுகிற நேரம் இங்கே காலை ஏழு மணி, அந்த நேரத்தில் உன் அம்மா நவமணி கிளி மாதிரி பேசுவாள். மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு நாளாவது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? குயின் ஸ்திரீட் கடைக்குத் தீபாவளி பிளவுஸ் தைத்துக் கொடுக்க வேண்டும், இமை தொங்கித் தொங்கி விழுகிறது என்று பிளாஸ்டரைக் கிழித்து இமையை நெற்றியோடு ஒட்டிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஊசி இரண்டாகத் தெரிகிறது என்றாள். நான் சிரித்தேன். காலையில் பசாருக்குப் போகக் கால் பறக்கும், சாயந்திரம் பாத்திரம் கழுவக் கண் சொருகும், நல்ல வியாதிடி உனக்கு என்றேன். வயசாச்சுலா அண்ணே, எல்லாருக்கும் இப்படித்தான் என்று உன் அத்தையும் சொன்னாள். நீ கூப்பிடுவதற்கு முன்னால் பிளாஸ்டர் ஒட்டிய தடம் தெரியாமல் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்வாள். மறைத்தவள் அவள் என்பதால் உன்னைப் பாதிதான் குற்றம் சொல்கிறேன்.

மீதிப் பாதி என்னுடையது. சாப்பிடும்போது அவள் இடது கையைக் கன்னத்தில் முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் மெல்லுவாள். கன்னத்தில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சின்ன வயதில் உன் கையை எத்தனை தடவை தட்டிவிட்டிருக்கிறேன், அதே மாதிரி, கப்பலா கவிழ்ந்துவிட்டது என்று கேட்டு அவள் கையையும் தட்டிவிட்டேன். ஒரு நாள் இல்லை, மூன்று மாதம். கை விலகியதும் வாய் திறந்துகொள்ளும், சோறு வெளியே வரும், பார்க்க அருவருப்பாக இருக்கிறது என்று நான் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவேன். அவளும் பாதிச் சோற்றைக் கொட்டிவிட்டு எழுந்துவிடுவாள். தாடைத் தசைக்கு வலு இல்லாமல் அவள் கையால்தான் வாயை மூடி மென்றிருக்கிறாள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹன்னா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெண் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கு மறுவாரம், தண்ணீர் மூக்கு வழியாக வர ஆரம்பித்த பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வியாதியின் பெயரை உனக்கு அனுப்பினேன். நீ என்ன பதில் போட்டாய் என்று எனக்கு மனப்பாடம். முதல் ரத்தச் சோதனையில ஒன்னும் இல்லன்னா மஸ்க் புரதத்துக்கும் சோதிக்கச் சொல்லுங்கப்பா, அதுவரைக்கும் மாத்திரைய கூட்ட வேணாம்னு சொல்லுங்க. அவ்வளவுதான். அம்மா சாப்பிட்டாளா, பயப்படுகிறாளா, ஒரு வார்த்தை இல்லை. புரியாமல் விட்டேன் என்று நினைத்துவிடாதே. போன வருடம் நீ வந்திருந்தபோது மேசையில் தேத்தண்ணிக் கிளாஸை நகர்த்தி நகர்த்தி விளக்கினாயே. பட்டர்வொர்த் ஃபெரித் துறையில் முப்பது வருடம் கயிறு பிடித்தவன் என்பதால் எனக்குத் தகுந்தபடிதான் சொன்னாய். நரம்பு அனுப்புவது படகு, தசையின் கரையில் ஐந்து துண்டு சேர்ந்து வளையமாக நிற்கும் புரதங்கள் கயிறு பிடிக்கிற ஆட்கள், அவர்களை ஒரே இடத்தில் கூட்டி நிறுத்துகிற மண்டோருக்கு, அந்தக் கங்காணிக்குப் பெயர் மஸ்க். மண்டோரையே உடம்பு எதிரி என்று அடித்துவிட்டால் ஆட்கள் சிதறிப்போவார்கள், மாத்திரை படகுகளை எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தாலும் கட்ட ஆள் இருக்காது. உன் செய்தியைப் படித்ததுமே அதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தச் செய்தியை டாக்டரிடம் காட்டவில்லை. நீ கேட்டபோது காட்டிவிட்டேன் என்று பொய் சொன்னேன். தீபாவளிக்கு வந்துவிட்டுப் போம்மா என்று நான் கெஞ்சியபோது, படம் எடுக்கிற இயந்திரத்துக்கு இப்போதுதான் முறை கிடைத்திருக்கிறது என்றவள், உட்கார்ந்த இடத்திலிருந்து என்னை ஏவுகிறாளே என்று வயிறு எரிந்தது. நீ சொன்னது சரியாக இருந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். முதல் சோதனையில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள், எச்சில் பெருகி விழுங்க முடியாமல் திணறினாள், ஒன்பதாம் நாள் மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். வியாதி முற்றியதா, மாத்திரை முற்ற வைத்ததா என்று டாக்டருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை, எனக்கு மட்டும் என்ன தெரியும். குழாய் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால், பேச்சு குழறிப்போய், என் கையிலிருந்த தாளை வாங்கி எழுதினாள்: "சுபாகிட்ட கேட்டீங்களா? அவளுக்குத் தெரியும்." கேட்டேன், பதிலே போடவில்லை, அவளுக்கு வேலை என்று சொன்னேன். தாளைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை.

பிறகு ஹன்னாவே இரண்டாவது சோதனைக்கு அனுப்பினாள், மஸ்க் என்றுதான் வந்தது. ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றினார்கள், ஐந்து தடவை. இப்போது தானாக மூச்சு விடுகிறாள், தொண்டையில் போட்ட துளையை இரண்டு வாரத்தில் மூடிவிடுவார்களாம், பேச்சு வந்துவிடுமாம். வார்டில் போன் கூடாது என்று நான் உன்னிடம் சொன்னதும் பொய்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேச்சு வந்ததும் ஏன் பதில் போடவில்லை என்றுதான் அவள் உன்னிடம் முதலில் கேட்பாள். வேலையில் மறந்துவிட்டேன் அம்மா என்று சொல். உன்னை மன்னித்துவிடுவாள், பெற்ற வயிறு அப்படித்தான். என்னை மன்னிக்க மாட்டாள். நீ பத்து நாள் இருந்து அழுதுவிட்டு விமானம் ஏறிவிடுவாய், அதற்குப் பிறகு அவளைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டப் போகிறவன் நான். உண்மை தெரிந்தால் என் கையால் ஒரு வாய் வாங்க மாட்டாள், பட்டினி கிடந்தே சாவாள், அவள் வீம்பு உனக்குத் தெரியாததில்லை. அம்மா பிழைக்க வேண்டுமா, நீ நல்ல மகள் என்று பெயர் வாங்க வேண்டுமா, படித்தவள், நீயே முடிவு செய்துகொள்.

தண்ணீர்மலை முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள், வேளைக்குச் சாப்பிடு. உன் மெசேஜை என் போனில் அழித்துவிட்டேன். விமானம் ஏறுவதற்கு முன் நீயும் உன்னுடையதில் அழித்துவிடு, அம்மா உன் போனை வாங்கிப் பார்ப்பாள்.

ஆசியுடன்,
உன் அப்பா
பிச்சைமுத்து