கீழே நிற்க ஓர் ஆள்

என் உயிரான செல்விக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து பிள்ளைகள் இரண்டும் ஞானோபதேச வகுப்பில் இருக்கிறார்கள். மில்லர்புரம் வீட்டில் நான் மட்டும். உன்னிடம் சொல்ல வேண்டியதை ஒரு வாரமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். கல்லறையில் வந்து நின்று பார்த்தேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். வீட்டு விஷயத்தை ஊரே படிக்கும்படி பத்திரிகைக்கு எழுதுகிறேனே என்று நீ கோபப்படுவாய். பரவாயில்லை. என்னைப் போல இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை ஆளாக எங்காவது வரிசையில் நிற்கிறவர் ஒருவராவது படிக்கட்டும்.

போன வாரம் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். கோடை லீவில் போவோம் என்று நீ சொல்லியிருந்த அதே இடம்தான். நீ போய் எட்டு மாதம் ஆகிறது, ரெஜினா ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. பதினோரு வயதுப் பிள்ளை கேட்காமலே இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எதில் யார் ஏறுவது என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. பார்க் வாசலில் நின்று அதைக் காதில் வைத்துக் கேட்டேன். "ஏங்க, சின்னவன அளந்துட்டேன், நூத்திப் பத்துதான் இருக்கான். நூத்தி இருவது சென்டிமீட்டர் இல்லாம பெருசுல ஏத்த மாட்டாங்களாம். ரெஜி ஏறலாம், ஆனா பன்னெண்டு வயசு வரைக்கும் கூட ஒரு பெரிய ஆளு உக்காரணுமாம். ராட்டினத்துல நீங்க அவகூடப் போங்க, நான் இவன வச்சிக்கிட்டு கீழ நிக்கேன். பொறவு கொலம்பஸ் கப்பல்ல நான் அவகூட ஏறுதேன், நீங்க கீழ நில்லுங்க."

எவ்வளவு சரியாக யோசித்திருக்கிறாய்! ஆனால் எல்லாம் நாலு பேருக்கு. நாங்கள் மூன்று பேர் போய் நிற்கிறோம். நான் ரெஜியோடு ஏறினால் ஜெரோமோடு யார் நிற்பது? துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான்; எந்தக் கிரேன் எத்தனை டன் தூக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது மட்டும் டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவரை என் புத்தியில் உறைக்கவில்லை, செல்வி.

காலையெல்லாம் ஜெரோமுக்கு ஏற்றதாகவே போனது. குட்டி ரயில், சுற்றுகிற யானை, கப்பும் சாஸரும். எதிலும் பெரிய பிள்ளைகளுக்கு இடமில்லை. ரெஜி வேலியைப் பிடித்துக்கொண்டு தம்பிக்குக் கையாட்டினாள். நடுநடுவே அவள் கண் பெரிய ராட்டினத்துக்குப் போய்ப் போய் வந்தது. நான் கவனிக்காத மாதிரி நின்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவளே கேட்டுவிட்டாள். "அப்பா, ராட்டினத்துல ஒரே ஒரு தடவ?"

"ஏளா, அந்த நட்டு போல்ட்டப் பாரு, துரு ஏறிக் கெடக்கு. வேண்டாம்."

"அது துரு இல்ல, பெயிண்டு. நீங்க தெனமும் அத விட ஒசரத்துலதான இருக்கீங்க?"

உப்புக்காற்றில் வேலை செய்கிறவனுக்கு எந்த இரும்பும் துருவாகத்தான் தெரியும். அதோடு, நீ போனதிலிருந்து எனக்கு எதைக் கண்டாலும் பயம். பள்ளிக்கூட வேன், அயர்ன் பாக்ஸ், மீன் முள், எல்லாவற்றுக்கும் பயம். நீ இருந்தால் கேலி செய்தே என்னைக் கொன்றிருப்பாய்.

இந்தப் பயம் எங்கே பிடித்தது என்று உனக்குத் தெரியும். நீ போன அன்று, மயங்கி விழுவதற்கு முன் என்னை இரண்டு தடவை போனில் கூப்பிட்டிருக்கிறாய். கிரேன் கேபினுக்குள் போன் கூடாது. அது கீழே லாக்கரில் அடித்து ஓய்ந்தது. உன் அடக்கத்தன்று உன் அக்கா சாயர்புரம் மதினிதான் எல்லார் முன்னாலும் கேட்டார்: "அவ கூப்பிட்டப்போ நீங்க மேல இருந்தீங்கள்லா?" அதோடு நான் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டார். போனை எடுக்கவே இல்லை.

சரி, ராட்டினத்துக்கு வருகிறேன். அங்கே உடன்குடியிலிருந்து வந்த ஓர் அண்ணாச்சி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், காலையிலிருந்தே சின்னவனோடு விளையாடிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, அஞ்சு நிமிசம் பயலப் பாத்துக்கிடுதீங்களா?" என்றேன். "இதெல்லாம் கேக்கணுமா தம்பி, போயிட்டு வாங்க" என்றார். ரெஜியின் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். உன் சிரிப்பு அப்படியே.

நாங்கள் உச்சிக்குப் போனதும், கீழே ஆட்களை ஏற்றுவதற்காக ராட்டினத்தை நிறுத்தினார்கள். நான் ஜெரோமைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் மகள் திடீரென்று வாந்தி எடுத்தாள். அவரும் அவர் மனைவியும் அவள் பக்கம் குனிந்தார்கள். அந்த நேரம் நம் பிள்ளை பெஞ்சிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல், கூட்டத்துக்குள் நடந்து போனான். மஞ்சள் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

கத்தினேன். கீழே பாட்டுச் சத்தம், யாருக்கும் கேட்கவில்லை. கிரேனில் இருந்தால் என் கையில் லிவர் இருக்கும், கீழே இருக்கிறவரிடம் வாக்கிடாக்கியில் பேசலாம். இங்கே ஒன்றும் இல்லை. மதினி கேட்டது மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. மேல இருந்தீங்கள்லா, மேல இருந்தீங்கள்லா.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. செல்வி, எங்களுக்கு முன்னால் குறுக்கே போட்டிருந்த கம்பியின் பூட்டை நான் நெம்பினேன். அவ்வளவு உயரத்தில், பக்கத்தில் நம் மகளை உட்கார வைத்துக்கொண்டு. இறங்கி என்ன செய்திருப்பேன், எங்கே கால் வைத்திருப்பேன், எனக்கே தெரியாது. நாங்கள் இருந்த தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரெஜி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "அப்பா, தொறக்காதீங்க! அப்பா, நான் இருக்கேன்!" என்று அலறினாள். அப்போதுதான் அவள் அங்கே இருப்பதே எனக்கு நினைவு வந்தது. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை மறந்துவிட்டேன். இதை நீ மன்னிப்பாயா?

ராட்டினம் சுற்றிக் கீழே வந்ததும் இறங்கி ஓடினோம். ஜெரோம் வேறெங்கும் போகவில்லை. உயரம் அளக்கிற பலகையில் முதுகை ஒட்டி, குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தான். "அப்பா, சோறு தின்னேம்லா, வளந்துட்டேனான்னு பாத்தேன்" என்றான். அண்ணாச்சி ஓடிவந்து என் கையைப் பிடித்து அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ரெஜி அழவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொலம்பஸ் கப்பலில் ஏறுவோமா என்று கேட்டேன். அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "வேண்டாம்ப்பா. நான் இவன வச்சிக்கிட்டு கீழ நிக்கேன்" என்றாள். நீ சொன்ன வார்த்தை. உன் மெசேஜை அவள் கேட்டதே கிடையாது.

அதிலிருந்து இந்த ஒரு வாரம் அவள் அப்படியேதான் இருக்கிறாள். கேஸை மூடினேனா என்று பார்க்கிறாள். தம்பியை அவளே குளிப்பாட்டுகிறாள். நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "இன்னைக்கும் மேலயாப்பா?" என்று கேட்கிறாள். பக்கத்து வீட்டில், எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்கிறார்கள். உன்னை இழந்தேன், சரி. உன் இடத்தில் என் மகளை நிறுத்தி அவளையும் இழக்கவா?

நேற்று சாயர்புரத்துக்குப் போன் செய்தேன். "மதினி, ஒருநா எங்ககூட வருவீங்களா? கீழ நிக்க ஓர் ஆள் வேணும்" என்றேன். "எட்டு மாசமா நான் கீழதான் நிக்கேன் தம்பி. நீங்கதான் எறங்கி வரல" என்றார். இரண்டு பேரும் அழுதோம். அன்று அப்படிக் கேட்டதற்கு அவர் வருத்தம் சொன்னார். எனக்கு அது தேவைப்படவில்லை.

ரெஜியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், பெரியம்மா வருகிறார், நீயும் நானும் ஏறலாம் என்று. அவள் வாளியிலிருந்து தம்பியின் சட்டையை எடுத்துப் பிழிந்தபடியே சொன்னாள்: "பெரியம்மா உங்ககூட மேல வரட்டும்ப்பா. நான் கீழ நிக்கேன்."

அவளைக் கட்டாயப்படுத்த மாட்டேன், செல்வி. ஆனால் விடவும் மாட்டேன். எத்தனை தடவை ஆனாலும் கூட்டிப் போவேன். ஏறாவிட்டால் நாலு பேரும் கீழேயே நின்றுவிட்டு வீட்டுக்கு வருவோம். அவளாக ஒருநாள் தம்பியின் கையை விட்டுவிட்டு, "அப்பா, போலாமா?" என்று கேட்பாள் அல்லவா? கேட்கும்வரை போவேன். அன்று உச்சியில் ராட்டினம் எவ்வளவு நேரம் நின்றாலும், கீழே என்ன நடந்தாலும், நான் அவளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
ரெஜினாவுக்கும் ஜெரோமுக்கும் அப்பன்