துறக்கவா, திறக்கவா

திண்டிவனம்
20-11-2007

அன்புள்ள மாமாவுக்கு,

அருணா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டையாகிவிடுகிறது, அதனால் கடிதம். ஈமெயில் அனுப்பக் கூடாதா என்று கேட்காதீர்கள். கடையில் இருக்கிற சிஸ்டத்தைத் தொடவே பயமாக இருக்கிறது.

தீபாவளிக்கு மாப்பிள்ளையாக வந்தவர், அம்மா சுட்ட வடையைக்கூட ஆறவிட்டு, இரண்டு நாளும் என் டைப்பிங் கடையிலேயே உட்கார்ந்து, திருட்டு சிடியிலிருந்து போட்டிருந்ததையெல்லாம் அழித்துவிட்டு உங்கள் இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தீர்கள். மெனு முழுக்கத் தமிழ், அதுவும் என் வீட்டுக்காரர் மொழிபெயர்த்தது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

நேற்று மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து தைலம்மாள் என்று ஒரு அம்மா வந்தார்கள். கடலுக்குப் போன அவர்கள் புருஷன் திரும்பி வரவில்லை. ஏழு வருஷம் முடிந்துவிட்டதால் இறந்துவிட்டார் என்று கோர்ட்டில் உத்தரவு கேட்கிறார்கள். வக்கீல் சீனுவாசன் வாக்குமூலத்தை டைப் அடித்துவர என்னிடம் அனுப்பினார். டிசம்பர் பத்தாம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தவர்கள் மூன்று மணிவரை சொன்னார்கள். நடுவில் நிறுத்தினால் பேச்சு நின்றுவிடும் போலிருந்தது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒன்பது பக்கம்.

அந்த நேரம் பார்த்து வக்கீலின் குமாஸ்தா வந்து வேறொரு ஃபைல் கேட்டார். இதை மூடப் போனேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. ‘சேமிக்காத மாற்றங்களைத் திறக்கவா?’ திறக்கத்தானே வேண்டும் என்று ‘ஆம்’ அழுத்தினேன். ஒன்பது பக்கமும் போய்விட்டது. அப்புறம் வெற்றுப் பக்கத்தில் நாலு எழுத்து அடித்து மூடிப் பார்த்தேன். அது ‘திறக்கவா’ இல்லை மாமா, ‘துறக்கவா’.

“இன்னொரு வாட்டி அத்தெல்லாம் சொல்லிக்கினு இருக்க என்னால ஆவாது பாப்பா. இந்த ஏழு வருசத்துல இன்னிக்குத்தான் வாயத் தொறந்தேன்” என்று சொல்லிவிட்டு அவர்கள் பஸ் ஏறப் போய்விட்டார்கள். போனதை எடுக்க வழி இருந்தால் உடனே எழுதுங்கள்.

உங்கள்
அருணா

விழுப்புரம்
23-11-2007

அன்புள்ள அருணாவுக்கு,

இருமல் தேவலை. போனதை எடுக்க முடியாது. ஒரு தடவைகூடச் சேமிக்காததை எங்கே போய்த் தேடுவது?

ஒரு திருத்தம். அது இலவச மென்பொருள் இல்லை, கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். சும்மா கிடைக்கிறது என்பதற்காக யாரும் அதைச் செய்யவில்லை. எங்கள் தமிழாக்கக் குழுவில் பதினான்கு பேர், எல்லோரும் வேலை முடிந்து வந்து உட்கார்கிறவர்கள். நான் பாலிடெக்னிக்கில் ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு வந்து உட்காருகிறேன். உபயோகிக்கிறவர்களும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். உனக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் மூன்றாம் பக்கத்தைப் பார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே சேமிக்கும்படி வைப்பது எப்படி என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். படித்தாயா?

‘துறக்கவா’ நல்ல தமிழ்ச் சொல். அதற்காக ஒரு வாரம் விவாதித்தோம். குறை இருந்தால் பதிவு செய்ய இணையதளம் இருக்கிறது. ஒரு கணக்கு தொடங்கி, பதிப்பு எண், எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுது. முறையாக வந்தால் கவனிப்பார்கள்.

தினம் ரயிலில் கடைக்குப் போய்வர அலுப்பாக இருக்கிறது என்று அம்மா வீட்டில் தங்கினாய். இரண்டு மாசம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விழுப்புரத்துக்குத் திரும்பி வருகிறாயா இல்லையா? ஆம், இல்லை, ஏதாவது ஒன்று எழுது.

அன்புடன்
ராஜசேகர்

திண்டிவனம்
27-11-2007

மாமாவுக்கு,

தமிழ் மென்பொருள், தமிழ் மெனு, குற்றம் சொல்ல மட்டும் இங்கிலீஷா?

குறிப்பை இப்போது படித்தேன், முப்பத்திரண்டு பக்கம். மூன்றாம் பக்கத்தின் முதல் வரியே ‘கறுப்புத் திரையைத் திறந்து பின்வரும் கட்டளையை இடவும்’ என்கிறது. காலையில் கடை திறந்தால் பட்டா மனு, ஜாமீன் மனு, ரேஷன் கார்டு மனு. பக்கத்துக் கடை டெய்லர் மெஷினைக் கழற்றி மாட்டத் தெரிந்துகொண்டா ஜாக்கெட் தைக்கிறார்? என் பங்கு தப்பில்லாமல் டைப் அடிப்பது. அதை நான் செய்தேன். பதினான்கு பேரும் சம்பளமில்லாமல் உழைக்கிறீர்கள், சரி. தைலம்மாளும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஐந்து மணி நேரம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரயில் அலுப்பெல்லாம் இல்லை. மலேசியாவிலிருந்து முகம் தெரியாதவர் சந்தேகம் கேட்டால் உடனே பதில் எழுதுவீர்கள், எத்தனை மரியாதையாக! செப்டம்பரில் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். “இரு, இத அனுப்பிட்டு வந்துடறேன்”னு சொன்னீங்க. நான் இருந்தேன். நீங்கள் அதை அனுப்பிவிட்டு அடுத்ததை எடுத்தீர்கள். மறுநாள் ரயிலேறிவிட்டேன்.

எனக்குத் தள்ளிப்போயிருந்தது உங்களுக்குத் தெரியாது. உறுதியான பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். கரு தங்கவில்லை என்று அன்றைக்கு டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லத்தான் நின்றேன்.

அருணா

விழுப்புரம்
2-12-2007

அருணா,

பேனாவில் எழுதி ரொம்ப நாள் ஆகிவிட்டது. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. லீவு சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் உனக்கு நான்கு பக்கம் அடித்தேன். என் வாழ்நாளில் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. முடிக்கிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அவசரமாக மூடினேன். அந்தக் கேள்வி வந்தது. ‘ஆம்’ அழுத்திவிட்டேன்.

அந்தச் சொல்லைப் போட்டவனே நான்தான். நீ நம்புவாயோ என்னவோ. தானாகச் சேமிக்கிற வசதியை என் கம்ப்யூட்டரில் நானே போட்டு வைத்திருக்கவில்லை. மூன்றாம் பக்கம் ஊருக்குச் சொன்னது.

திரும்ப அடிக்க உட்கார்ந்தேன், வரவில்லை. இரண்டு நாளாக முயற்சி செய்கிறேன். அந்த அம்மா ஏன் பஸ் ஏறிப் போனார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நீ பச்சைப் பையோடு நின்றது நினைவிருக்கிறது. திரை ஓரத்தில் தெரிந்தாய். திரும்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் என்மீதே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

குழுவுக்கு உன் பெயரில் தமிழிலேயே எழுதிப் போட்டேன். இனி அந்தக் கேள்வி இருந்த இடத்தில் ‘சேமிக்காமல் மூடினால் அடித்ததெல்லாம் அழிந்துவிடும்’ என்று வரும். கீழே ‘சேமி’, ‘அழி’. நீளமாக இருக்கிறது என்று வெங்கடாசலம் சண்டைக்கு வந்தார். நீளமாகவே இருக்கட்டும் என்றேன். தானாகச் சேமிப்பதை முதலிலேயே போட்டுக் கொடுக்கவும் கேட்டிருக்கிறேன்.

வருகிறாயா இல்லையா என்று கேட்டது தப்பு.

ராஜசேகர்

திண்டிவனம்
5-12-2007

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து புரிந்தது. நம்புகிறேன். படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் இல்லை, ஒரு நோட்டு மட்டும். தைலம்மாள் மீன் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். “நீயே வந்துட்டியா பாப்பா”ன்னாங்க. நானும் கூட உட்கார்ந்து மீனைத் திருப்பிப் போட்டேன். வெகுநேரம் கழித்து அவர்களாகவே ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை ஐந்து பக்கம்தான் வந்தது. அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை, கிளம்பும்போது சொன்ன வார்த்தை, அதெல்லாம் வரவில்லை. நானும் தூண்டிக் கேட்கவில்லை. இதுவே போதும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நேற்று தாக்கலாகிவிட்டது. போன நாலு பக்கம் போனதுதான், எனக்கு அது ஆறவே ஆறாது.

சனிக்கிழமை மதியம் கடையை மூடிவிடுவேன். வாருங்கள். புதுச் சொல் போட்ட சிடி இருந்தால் கொண்டு வாருங்கள், குறிப்பு வேண்டாம். நீங்கள் அடித்ததை வாயால் சொல்லுங்கள், வந்தவரைக்கும் போதும். விழுப்புரம் வருவதா இல்லையா என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம். இப்போதைக்கு என்னிடம் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை.

ஆனால் முதலில் நான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்ததை இன்னும் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது. நடுவில் “இரு” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள்
அருணா