பராக்குச் சந்தையில் முளைக்காத சோளம்

சமையலறை யன்னலோரத்தில் நனைந்த கடதாசி மணக்கிறது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை என்று சின்னவள் ஈரக் கடதாசிக்குள் சோள விதைகளைச் சுற்றி, ஒரு தட்டில் வைத்திருந்தாள். இன்று காலை அதை விரித்துப் பார்த்தவள் கத்தினாள்.

"ரெகார்த், அம்மா, பாருங்கோ! எல்லாம் முளைச்சிட்டுது!"

உண்மைதான், ஒன்றுகூடத் தவறவில்லை. அவளுக்காகச் சிரித்தேன். அவள் பள்ளிக்கூட பஸ் ஏறிய பிறகு கதிரையில் இருந்துவிட்டேன்.

இவளின் அப்பா, நீங்களும் ஒருமுறை இப்படித்தான் சுற்றி வைத்தீர்கள். மொன்றியல் லாசாலில் இருக்கும் இந்த வீட்டில் அல்ல. பெனின் நாட்டில், பராக்கு என்ற ஊரில், ஒரு வாடகை அறையில், முகம் துடைக்கிற துவாய்க்குள்.

அந்த ஊரின் பெயரை முதன்முதலில் சொன்ன நாள் நினைவிருக்கிறது. "பராக்குப் பாக்கப் போறன்" என்று பகிடி விட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் விவசாயம் படித்துவிட்டு, மொன்றியல் துறைமுகத்தில் வருடக்கணக்காகப் பெட்டி ஏற்றி இறக்கிய மனுசன் நீங்கள். மேற்கு ஆபிரிக்காவில் சோள விதை விற்க, பிரெஞ்சு தெரிந்த ஒரு விவசாயப் பட்டதாரி வேண்டும் என்று சின்னக் கம்பனி ஒன்று தேடியபோது உங்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "படிச்சது வீண் போகேல்லையப்பா" என்றீர்கள்.

மழைக்கு முந்திய மாதங்களில் ஒவ்வொரு வருடமும் போனீர்கள். வந்து கதை கதையாகச் சொல்வீர்கள். சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் பக்கத்தில் விதைப் பைகள் அடுக்கியிருக்கும் கடைகள். மருந்து பூசியது, சாப்பிடக்கூடாது என்று தெரிவதற்காக றோஸ் நிறம் ஏற்றிய சோளம். உங்கள் விதையைத் தன் கடையில் வைத்து விற்ற ஐசா என்ற பெண்.

"சனம் பையில இருக்கிற எழுத்தைப் பாத்து வாங்கேல்லை. ஐசாவின்ர முகத்தைப் பாத்து வாங்குதுகள். ஐசா என்ர முகத்தைப் பாத்து வாங்குறா."

பெருமையாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அதிலேயே ஒரு பயமும் இருந்தது. அது கலப்பின விதை. விளைந்ததில் எடுத்து அடுத்த வருடம் விதைத்தால் அந்த விளைச்சல் வராது, வருடா வருடம் புதுப் பை வாங்க வேண்டும். உங்களை நம்பிய சனம் வீட்டில் பழைய விதை வைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டது. "நாளைக்கு எங்கட பை பிழைச்சால் அதுகளிட்டை வேற ஒண்டும் இல்லை" என்றீர்கள் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

மூன்றாம் வருடம் அதுதான் நடந்தது. விதை வந்த கொள்கலன் ஏதோ கடதாசிச் சிக்கலில் கொத்தனூ துறைமுகத்து வெயிலில் கிழமைக்கணக்காகக் கிடந்தது. பராக்குக்கு வந்து சேர்ந்ததும் ஒரு பிடியைத் துவாயில் சுற்றி வைத்தீர்கள். பிறகு தொலைபேசியில் என்னை அழைத்தீர்கள்.

"பாதிகூட முளைக்கேல்லை. வெக்கையில விதை செத்துப்போச்சு."

"கம்பனி என்ன சொல்லுது?"

"சான்றிதழ் சரியா இருக்காம். வில் எண்டுகினம். நீர் என்ன சொல்லுறீர்?"

"விக்காதேங்கோ" என்றேன்.

நீங்கள் விற்கவில்லை. கடை கடையாகப் போய், உங்கள் சரக்கை வாங்கவேண்டாம் என்று நீங்களே சொன்னீர்கள். ஐசா வாங்கவில்லை. கம்பனி உங்களை நிறுத்திவிட்டு, அதே பைகளை வேறொரு வியாபாரியிடம் கொடுத்தது. மழை இறங்கிவிட்டது, சனத்துக்கு அவசரம். தெரிந்த பை, தெரிந்த நிறம் என்று வாங்கி விதைத்தார்கள். பல காணிகள் வெறும் மண்ணாகவே கிடந்தன.

மொன்றியலுக்குத் திரும்ப நீங்கள் பெட்டி அடுக்கிய நாளில், ஒரு வயதான விவசாயி ஐசாவின் கடை வாசலில் வைத்து உங்களைத் திட்டினார். அவர் முடிக்கும்வரை நின்று, மன்னிப்பு மட்டும் கேட்டீர்கள்.

"நான் விக்கேல்லை எண்டு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமா அந்தப் பையை நல்லதெண்டு சொன்னது நான்தானேயப்பா."

திரும்பத் துறைமுகத்துக்கே வேலைக்குப் போனீர்கள். கோடையில் வெயிலில் நிற்கும் கொள்கலனைக் கண்டால் "உள்ளுக்கு என்ன கிடக்கோ" என்பீர்கள். மற்றப்படி அந்த ஊரைப் பற்றிக் கதைக்கவேயில்லை. பனி கொட்டிய இந்த மாரியில், வேலைக்கு உடுப்பு மாற்றுகிற இடத்தில், உங்கள் இதயம் நின்றுவிட்டது.

இன்று உங்கள் தொலைபேசியில் ஐசாவின் இலக்கத்தைத் தேடி எடுத்து அழைத்தேன். நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகமான கார்டெரியில் பிள்ளைகளோடு பேசிப் பழகிய என் பிரெஞ்சு அவருக்கு விளங்கியது. நீங்கள் இல்லை என்பதைச் சொன்னேன். ஐசா தன் மொழியில் ஏதோ மெல்லச் சொன்னார். பிரார்த்தனையாக இருக்கவேண்டும். முடியும்வரை காத்திருந்தேன்.

"நான் இப்போது விதை விற்பதில்லை" என்றார். "யாருடைய பையையும் நல்லது என்று சொல்ல வாய் வரவில்லை."

"அந்த விவசாயி?"

"இருக்கிறார். அந்த வருடம் அவருடைய மகன் வேலை தேடிக் கொத்தனூவுக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை. கனடாக்காரன் எப்போது வருவான் என்று என்னிடம் கேட்டபடியே இருக்கிறார். உங்கள் கணவர் விற்கவில்லை, வாங்கவேண்டாம் என்றுதான் சொன்னார் என்று நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். அப்படியென்றால் என் கையில் இருந்தது யாருடைய பை என்று கேட்கிறார்."

கம்பனியில் உள்ள ஒருவரையும் அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் கண்டது உங்களை மட்டும்தான்.

"என் கணவர் இறந்துவிட்டார் என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றேன்.

"சொல்கிறேன். ஆனால் இவ்வளவு கோபத்தையும் அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்?"

என் இலக்கத்தை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். ஐசா இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அந்த மனிதர் பிரெஞ்சில் திட்டுவாரோ, தன் மொழியில் திட்டுவாரோ தெரியாது. நீங்கள் விற்கவில்லை என்று நான் வாதாடப்போவதில்லை. இப்போதிருந்தே தொலைபேசியைச் சத்தம் கூட்டி, வேலைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அவர் அழைத்தால், முடிக்கும்வரை கேட்பேன்.