மெற்றில்டா பார்க்காத கடல்

நவம்பர் 28, 2009, சனி

லக்‌ஷிகாவைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை காருக்குள்ளேயே இருந்தேன். ஹரோவில் இன்றைக்கு இறங்கி நடக்க முடியாத காற்று.

முடிவாகிவிட்டது. நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விடுமுறையில், நானும் மனைவி மெற்றில்டாவும் மகளும் காரிலேயே ஜேர்மனிக்குப் போகிறோம். நிர்மலன் வரச்சொல்லி எத்தனை வருடமாகக் கேட்கிறான்! ஜேர்மனியில் அகதி விடுதியில் என் மேல்கட்டிலில் படுத்தவன். நான் கல்யாணம் கட்டி லண்டனுக்கு வந்துவிட்டேன், அவன் அங்கேயே நின்றுவிட்டான். டோர்ட்முண்டில் அவன் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு, மலைப்பக்கம் பனிச்சறுக்கு ஊர் ஒன்றில் ஒரு கிழமை.

யோசனை மெற்றில்டாவினுடையது. எனக்கு அதுதான் பெரிய விஷயம். மே மாதத்திலிருந்து அவள் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. சித்திரை, வைகாசி முழுவதும் ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்ததும் நேரே பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போய், ஊரில் நடந்த சண்டையை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு நின்றாள். எல்லாம் முடிந்த பிறகு வீட்டில் பேச்சும் முடிந்தது. அவள் அக்கா மரியநாயகி ஊரில் தடுப்பு முகாமில் இருக்கிறா என்று ஆனியில் தெரிந்தது. போன கிழமைதான் அவ வெளியே வந்து, மன்னாரில் இருந்து போனில் பேசினா. அடுத்த நாள் சாப்பிடும்போது மெற்றில்டா சொன்னாள்:

"எங்கையாவது ஸ்நோ பாக்கப் போவமே?"

நான் கையில் இருந்த சோற்றைக் கீழே வைத்துவிட்டேன்.

இனி ஒரு கேள்விதான் பாக்கி. கப்பலா, சுரங்கமா? கடலுக்கு அடியால் போகிற சுரங்கம் என்றால் காரை ரயில்பெட்டிக்குள் ஓட்டி ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே, பிரான்ஸ் வந்துவிடும். கப்பல் என்றால் டோவரில் ஏறி ஒன்றரை மணித்தியாலம், அதுவும் மார்கழிக் கடல். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. நயினாதீவுக்குப் போன படகில், கரை தெரிகிற தூரத்திலேயே, முன்னால் இருந்த ஐயரின் மடியில் சத்தி எடுத்தவன் நான்.

நவம்பர் 30, திங்கள்

"கப்பலிலை போவம்" என்கிறாள்.

ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்."

டிசம்பர் 1

என் வயிற்றைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். கேட்டாள். வாந்தி வராமலிருக்கக் குளிசை வாங்கித் தருகிறாளாம்.

டிசம்பர் 5, சனி

நிர்மலனிடம் முறையிட்டேன். "டேய் மச்சான், குளிர்காலத்திலை கப்பலிலை ஆர் வருவான்? சுரங்கத்தாலை வாடா" என்றான். அந்தத் துணிவில் இன்றைக்குக் கணினியில் சுரங்க ரயிலுக்குப் பதியப் போனேன். பதியும் பக்கத்தில் அந்தப் பெட்டியின் உட்புறத்தைப் படமாகப் போட்டிருந்தார்கள். நாலு பக்கமும் தகரம். மஞ்சள் வெளிச்சம். காருக்கு முன்னும் பின்னும் மூடுகிற கதவு.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு எவ்வளவு மெதுவாக ஓடுகிற மூளை!

கல்யாணத்துக்கு முதல், நான் ஜேர்மனியிலிருந்து பார்க்க வந்தபோது, லண்டன் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக்கடையில் முதல்தரம் என்னைச் சந்தித்தபோது அவள் சொன்னது: "நான் லொறிக்குள்ளை ஒளிச்சு வந்தனான். அதைப் பற்றி நீங்கள் ஒண்டும் கேக்கக்கூடாது." நானும் கேட்கவில்லை. இத்தனை வருடமும் கேட்கவில்லை. பூட்டிய பெட்டிக்குள் மறுபடி ஏறு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

கப்பலுக்கே பதிந்தேன். போக, வர இரண்டுக்கும். 22ஆம் திகதி காலை.

சொன்னபோது, அடுப்படியில் நின்றவள் திரும்பி நன்றாகச் சிரித்தாள். என் வயிறு என்ன பாடுபட்டாலும் படட்டும்.

டிசம்பர் 13, ஞாயிறு

பனிக்கால ரயர் நாலும் போட்டாயிற்று. எதிரே வருகிறவர்களின் கண்ணில் வெளிச்சம் குத்தாமலிருக்க முன்விளக்குகளில் ஒட்டுகிற துண்டுகள், எச்சரிக்கை முக்கோணம், மினுங்குகிற மேற்சட்டைகள் எல்லாம் வாங்கினோம். நிர்மலனின் மனைவி லோஜினி கேட்ட கிரைண்டர் பின்சீற்றில் லக்‌ஷிகாவுக்குப் பக்கத்தில் வருகிறது. அதற்கும் பெல்ற் போடவேண்டுமா என்று லக்‌ஷிகா கேட்கிறாள்.

விளக்குத் துண்டுகளை ஒட்டியது மெற்றில்டா. நான் ஒட்டினால் சுருங்கியது. அவள் ஒரே தடவையில், ஒரு குமிழி இல்லாமல் ஒட்டினாள். நாள் முழுக்க ஊசி பிடிக்கிற கை. இரத்தம் எடுக்க வருகிறவர்கள், நரம்பு அகப்படாதவர்கள், 'அந்த ஸ்ரீலங்கன் லேடி வரட்டும்' என்று காத்திருப்பார்களாம். இதை அவள் சொல்லி எனக்குத் தெரியாது. போன வருடம் எனக்கே அங்கே இரத்தம் எடுக்கப் போனபோது வரிசையில் நின்ற ஒரு கிழவர் சொன்னார். அது என் மனுசி என்று நான் அவரிடம் சொல்லவில்லை. உள்ளுக்குள் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 19, சனி

ரிவி முழுக்க இதுதான். நேற்று இரவு பிரான்ஸில் கடும் பனி. பயணிகள் ரயில்கள் சில சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. சனம் இருட்டுக்குள் மணித்தியாலக் கணக்காக இருந்திருக்கிறது, குழந்தைகளோடு. கென்ற் பகுதியில் லொறிகள் நெடுஞ்சாலையிலேயே வரிசை கட்டி நிற்கின்றன.

பார்த்துக்கொண்டிருந்த நான், பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன்: "நல்ல காலம், கப்பலுக்குப் பதிஞ்சது. உமக்குப் பயம் எண்டு எனக்கு விளங்கினது. முதலே சொல்லியிருக்கலாமே?"

"என்ன பயம்?"

"பூட்டின பெட்டிக்குள்ளை… லொறியிலை வந்தது…"

அவள் ரிவியின் சத்தத்தைக் குறைத்தாள். லக்‌ஷிகா சோபாவில் இருந்தாள். அவளை மேலே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"பயத்துக்கு இல்லையப்பா நான் கப்பல் கேட்டது. லொறி நிறையக் கார்ப்பெற் சுருள். அதுக்கு மேலை, கூரைக்குக் கீழை, நாங்கள் ஏழு பேர் நீட்டுக்குப் படுத்திருந்தனாங்கள். இருமக்கூடாது. சங்கிலி போடுற சத்தம் கேட்டுது. பிறகு எல்லாம் ஆடத் தொடங்கிச்சுது. ஆரோ ஒராள் இருட்டுக்குள்ளை 'கடலிலை நிக்கிறம்' எண்டார். அவ்வளவுதான். நான் பாசையூரிலை கடலடியிலை பிறந்தனான். அப்பு, அண்ணை எல்லாரும் கடல்தொழில். ஒரு முழுக்கடலைத் தாண்டி வந்திருக்கிறன், ஒரு துளி நான் பாக்கேல்லை. என்ன நிறம் எண்டும் தெரியாது. அது எனக்கு வெக்கமாக் கிடந்தது."

லக்‌ஷிகா கேட்டாள்: "அம்மா, ஏன் முந்திச் சொல்லேல்ல?"

"அப்ப அக்காவின்ரை விசயம் முடியேல்லைப் பிள்ளை. அவை அங்கை பதுங்குகுழிக்குள்ளை இருக்கேக்கை, நான் லொறிக்குள்ளை இருந்தன் எண்டு என்ன கதை சொல்லுறது?"

நான் எதையெல்லாம் 'விளங்கிவிட்டது' என்று வைத்திருந்தேன்! அவளைப் பாவம் என்று நினைத்து, அந்த நினைப்பில் பெருமையும் பட்டுக்கொண்டு. அவளோ ஒரு கணக்குத் தீர்க்கிற மாதிரி அந்தக் கடலைக் கேட்டிருக்கிறாள்.

கப்பலில் நான் செத்தாலும் பரவாயில்லை.

டிசம்பர் 22, செவ்வாய். பிரான்ஸில், கலேயைத் தாண்டி ஒரு பெற்றோல் நிலையத்தில்

இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

கென்ற் பகுதியில் சாலை ஓரமெல்லாம் பனி. நின்ற லொறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். டோவரில் நிறையத் தாமதம். காரைக் கப்பலின் அடித்தளத்தில் ஏற்றியபோது எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய லொறி வந்து நின்றது. தொழிலாளி ஒருவர் சங்கிலியை இழுத்து அதன் சக்கரத்துக்குப் போட்டார். மெற்றில்டா காரிலிருந்து இறங்கி, அந்தச் சத்தம் முடியும்வரை நின்றாள். பிறகு லொறியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வாங்கோ, மேலை போவம்."

துறைமுகச் சுவரைத் தாண்டியதுமே எனக்குத் தொடங்கிவிட்டது. குளிசை ஒன்றும் செய்யவில்லை. கழிப்பறைக்கும் கதிரைக்கும் இடையில் என் பயணம் போனது. ஒரு கட்டத்தில், அவள் எங்கே என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடுதாசிப் பையைப் பிடித்தபடி வெளித்தளத்துக்கு ஏறினேன்.

வேறு ஒருவரும் அங்கே இல்லை, அம்மாவும் மகளும்தான். காற்று முகத்தை அறுத்தது. மெற்றில்டா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனேன். அழவில்லை. மீன் வாங்கப் போனவள் மீனைப் பார்ப்பதுபோல, செவ்வையாக, குறை பிடிக்கிற கண்ணோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாம்பல் பச்சை" என்றாள் என்னிடம். "நான் கறுப்பு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான், இவ்வளவு காலமும்."

"எப்பிடி இருக்கு?"

"சின்னக் கடல்தான். ஆனா நல்ல துள்ளல். அப்பு எண்டால் இண்டைக்கு வள்ளம் இறக்கமாட்டார்."

லக்‌ஷிகா கேட்டாள், அந்த ஏழு பேரில் மற்ற ஆட்கள் இப்போது எங்கே என்று. "முகம் பாக்கேல்லையே பிள்ளை. கதவு திறந்த உடனை ஆளுக்கொரு பக்கம். ரியூப் ரயிலிலை எனக்குப் பக்கத்திலை இருந்தாலும் தெரியாது."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, நீங்கள் ஏன் வெளியிலை வந்தனீங்கள்!" ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கி, மற்றக் கையால் ஜக்கெற்றின் கழுத்தைப் பிடித்து, காற்று அடிக்காத பக்கமாகத் திருப்பினாள். கலே தெரியும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் மட்டும் கடலை விடவில்லை.

டிசம்பர் 23

டோர்ட்முண்ட். நிர்மலனுக்குத் தலை நரைத்துவிட்டது. கிரைண்டர் உயிரோடு வந்து சேர்ந்தது.

டிசம்பர் 25, வெள்ளி

மலையூர். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. காலையில் சின்னத் தேவாலயம் ஒன்றில் பூசை. நான் சைவக்காரன், நிர்மலனும்தான்; ஆனாலும் எல்லோரும் போனோம். ஊர்ச்சனம் ஜேர்மன் மொழியில் பாடியது. மெற்றில்டா அதே மெட்டுக்குத் தமிழில் பாடினாள், குரலை அடக்காமல். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூசை முடிந்ததும் அவர்களில் ஒருத்தி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மத்தியானம் மெற்றில்டா லக்‌ஷிகாவோடு சறுக்குப் பலகையில் ஏறிச் சரிவில் வந்து, பாதிவழியில் கவிழ்ந்து, பனிக்குள் கிடந்தபடி சிரித்தாள். லோஜினி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று, "அண்ணை, அக்கா இப்பிடிச் சிரிப்பாவோ?" என்று கேட்டா.

சிரிப்பாள். எனக்கே மறந்துபோயிருந்தது.

டிசம்பர் 28

நாளை மறுநாள் திரும்பவும் கப்பல். காற்று எப்படி என்று வானிலையைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

டிசம்பர் 30, புதன். வீடு

கலேயை நெருங்கும்போது பலகை வந்தது: துறைமுகம் ஒரு பக்கம், சுரங்கம் ஒரு பக்கம். நான் துறைமுகப் பக்கம் எடுக்கப் போனேன்.

"இல்லை, மற்றப் பக்கம் எடுங்கோ."

"எங்கடை ரிக்கற் கப்பலுக்கெல்லே?"

"அதை விட்டாச்சு. நிர்மலன் அண்ணையைக் கொண்டு சுரங்கத்துக்குப் பதிவிச்சனான். நேரே ஓடுங்கோ."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அண்டைக்கு உங்கடை முகம் கீரை நிறம்" என்றாள். "எனக்குக் கடல் பாத்தாச்சு. அது காணும், போதும்."

பெட்டிக்குள் ஓட்டி ஏற்றி எஞ்சினை நிறுத்தினேன். படத்தில் பார்த்த அதே மஞ்சள் வெளிச்சம். முன்கதவு வந்து மூடியது, பிறகு பின்கதவு. அந்தச் சத்தத்துக்கு அவள் கண்ணை மூடினாள். கை கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கை, ஒரு நாளும் நடுங்காத கை, நடுங்கியது.

"மெற்றி, இறங்குவமே? இன்னும் வெளிக்கிடேல்லை. நான் போய்ச் சொல்லுறன்."

"வேண்டாம். கொஞ்சம் பொறுங்கோ."

"பயமில்லை எண்டு சொன்னீரே…"

"கப்பல் கேக்கேக்கை பயத்துக்குக் கேக்கேல்லை. அது உண்மை. இது இப்பதான் வருது. வந்திட்டுப் போகட்டும்."

ரயில் அசைந்தது. சிறிது நேரத்தில் அவள் கார்க்கதவைத் திறந்து இறங்கினாள். கார்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒடுக்கமான இடத்தில் நடந்தாள், பெட்டியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்குமாக. லக்‌ஷிகாவும் இறங்கிக் கூடவே நடந்தாள். முன் காரில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். அவர்களின் சின்னப்பிள்ளை காது அடைத்து வீரிட்டு அழுதது. மெற்றில்டா குனிந்து, கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து காட்டினாள். அது பார்த்துத் தானும் திறந்தது. மறுபடி மறுபடி, இரண்டு பேரும் மாறி மாறி. அந்தத் தாய் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். தலைக்கு மேலே முழுக்கடலும் கிடக்கிறது என்பது எனக்குத்தான் அப்போது நினைவு வந்தது.

இங்கிலாந்துப் பக்கத்து வெளிச்சம் வந்ததும் காரில் ஏறி பெல்ற்றைப் போட்டாள். "ஃபோக்ஸ்ரன்" என்று பலகையை வாசித்தாள். "எனக்குப் பசிக்குது."

இந்த மனுசியோடு நான் வாழ்கிறேன். எழுதி வைக்கிறேன், மறந்துபோகாமல்.

டிசம்பர் 31, வியாழன்

இன்றைக்கு மன்னாருக்கு எடுத்துப் பேசினாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் படியில் இருந்து கேட்டேன், ஒளித்திருந்து அல்ல, அவளுக்குத் தெரியும்.

"அக்கா, நான் இஞ்சை முதல் எப்பிடி வந்தனான் எண்டு உனக்குச் சொல்லேல்லை என்ன?"

"இல்லையடி. பிளேனிலை எண்டெல்லே அம்மா சொன்னவ?"

"பிளேனோ! கேள்."

லொறிக்கு நாலைந்து வசனம்தான் செலவழித்தாள். கடலுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. மிச்சமெல்லாம் நான்: கடுதாசிப் பையோடு தளத்துக்கு வந்தது, கீரை நிறம், காற்றுப் பக்கம் திரும்பி நின்று சத்தி எடுக்கப் பார்த்தது. கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள். விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முகாமை விட்டு வந்த பிறகு அவ சிரித்து நான் கேட்டதில்லை. மூச்சு வாங்கி, இருமி, பிறகு சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டா:

"பிறகு? பிறகு என்னடி நடந்தது?"