முழங்கை

பீர்க்கன்கரணை
8.9.2025

அன்புள்ள ஜீவிதா அப்பாவுக்கு,

நலமா? போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே என் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். உங்கள் அண்ணி பேபி அக்கா தாம்பரம் மார்க்கெட்டுக்கு வருகிறார்களாம். உங்கள் சட்டைகளோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஆபீசுக்குப் பக்கம் என்பதால்தான் அண்ணன் வீட்டில் தங்கியிருப்பதாக ஜீவிதாவிடம் சொன்னீர்களாம். அவள் நம்பவில்லை. "அப்பா மாஸ்க்க கழட்டினா நீ ஏம்மா இப்படிக் கத்துற? அது என்ன ஹெல்மெட்டா, போலீஸ் புடிக்க?" என்கிறாள்.

பெருங்களத்தூர் சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்ததைப் பின்சீட்டில் இருந்த அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போவதால்தான் பகலில் இப்படி ஆகிறது என்றார் டாக்டர். அதற்காக வாங்கிய, மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் சிபாப் மெஷினையும் ராத்திரியெல்லாம் கழற்றிக் கழற்றிப் போட்டால் நான் என்ன செய்ய? மெஷினைச் சரிபார்க்க வந்தவர் நீங்கள் கழற்றிய கணக்கைத் திரையில் காட்டியபோது, "சாகணும்னே இருக்கீங்களா?" என்று அவர் எதிரிலேயே கேட்டுவிட்டேன். அவர் எதிரில் கேட்டது தப்பு. கேள்வி தப்பில்லை.

அங்கேயாவது மாஸ்க்கை மாட்டிக்கொள்கிறீர்களா? எப்போது வருவீர்கள்?

கவலையுடன்,
எப்சி

பள்ளிக்கரணை
11.9.2025

அன்புள்ள எப்சிக்கு,

சட்டைகள் வந்தன. நீலச் சட்டைக்குப் பட்டனும் தைத்திருக்கிறாய். அவ்வளவு கோபத்திலும்!

மாட்டிக்கொள்கிறேன். முதல் நாள் அண்ணன் என் மாஸ்க்கில் தொங்கும் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, யானைக்குட்டி மாதிரி கீற?" என்றார். அண்ணி அவரை அதட்டி அனுப்பினார்கள். படுத்தால் விடிந்துதான் எழுகிறேன். மதியம் ஆபீசில் மேசையில் சாய்வதில்லை.

நம் வீட்டில் மட்டும் ஏன் முடியவில்லை என்று யோசித்தேன். சொன்னால் வருத்தப்படாதே. வந்தபோது என் இடது விலா தொட்டாலே வலித்தது. இப்போது வலி இல்லை. இங்கே என்னை யாரும் இடிப்பதில்லை.

கல்யாணமான வருடத்திலிருந்தே எனக்கு மூச்சு நிற்கும்போதெல்லாம் நீ முழங்கையால் இடிப்பாய். நான் புரண்டு படுத்து மூச்சு விடுவேன். இத்தனை நாள் என்னைக் காப்பாற்றியது அதுதான். இப்போது மெஷின் போட்டதும் குறட்டை அடங்கிவிட்டது. மூச்சுதான் நின்றுவிட்டது என்று நீ பாதித் தூக்கத்தில் இடிக்கிறாய். நான் பதறி மாஸ்க்கைப் பிடுங்கிவிடுகிறேன். காலையில் இருவருக்குமே நினைவிருப்பதில்லை.

வீட்டுக்கு வர ஆசைதான். வந்தால் பழையபடி ஆகிவிடுமோ என்று பயம். ஹாலில் தனியாகப் படு என்கிறார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. நீ சொல்.

அன்புடன்,
ஜோஷ்வா

பீர்க்கன்கரணை
15.9.2025

அன்புள்ள ஜீவிதா அப்பாவுக்கு,

காட்டாங்குளத்தூரில், காலேஜ் லைப்ரரி கவுன்டரில் பிள்ளைகளைக் காக்க வைத்துவிட்டு உங்கள் கடிதத்தைப் படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. பழியை என் மேல் போடுகிறீர்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு ஜீவிதாவை என் பக்கத்தில் படுக்க வைத்தேன். காலையில், "ஐயோ, உன்கூட இனிமே படுக்கவே மாட்டேம்மா. சும்மா தூங்குற ஆளப் போட்டுக் குத்துற" என்று விலாவைத் தடவிக்கொண்டே எழுந்தாள்.

உங்கள் குறட்டை பெரிய தொல்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது கேட்கும்வரை எனக்கு நிம்மதி. நின்றால்தான் என் வேலை தொடங்கும். யாரும் எனக்குக் கொடுக்காத வேலை. இப்போது அதை ஒரு டப்பா செய்கிறது. என்னைவிட நன்றாகவே செய்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்? சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் இல்லாத அறையிலும் காது எதையோ தேடிக்கொண்டே கிடக்கிறது.

ஹாலில் எல்லாம் படுக்க வேண்டாம். சனிக்கிழமை வாருங்கள். உங்கள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு படுக்கிறேன். அது ஏறி இறங்குவது தெரிந்தால் முழங்கை சும்மா இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் நீங்கள் என்னை எழுப்பித் திட்டுங்கள். மாஸ்க்கை மட்டும் கழற்றாதீர்கள்.

உங்கள்,
எப்சி

வீட்டில்
22.9.2025, திங்கள் காலை

எப்சி,

உன்னை எழுப்ப மனம் வரவில்லை. ஜீவிதாவுக்கு நானே தோசை ஊற்றிக் கொடுத்து ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டேன். தோசைகளைப் பற்றி அவள் வந்து சொல்வாள். லைப்ரரிக்குப் போன் செய்து உனக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி முழுக்க நீ விழித்தே இருந்தது எனக்குத் தெரியும். கை ஒரே இடத்தில் விறைப்பாக இருந்தது. நேற்று அது நழுவிக் கட்டிலில் விழுந்தபோது எனக்கு விழிப்பு வந்தது. இடிக்கப்போகிறாய் என்று காத்திருந்தேன். இடிக்கவில்லை. ஏதோ சத்தம் மட்டும் கேட்டது. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று காதை அதன் பக்கம் கொண்டுபோனேன். மெஷின் இல்லை, நீதான்.

நீ குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை, எப்சி. நான் தூங்க, நீ விழித்திருக்க என்றே இத்தனை வருடம் போயிருக்கிறது.

மாஸ்க்கோடு அப்படியே படுத்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் எங்கும் நிற்கவில்லை.

ஜோஷ்வா