இறந்த பிறகு நீ எனக்குப் போட்ட பதில்கள்

என் ஆசைச் சம்பந்திக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை சுகம். பெட்டைப் பிள்ளை. உன் மகள் தாரணிக்கு மாப்பிள்ளை கேட்டு என் வயிற்றைத் தட்டித் தட்டிச் சம்பந்தம் பேசினாயே, அது பிள்ளை பிறந்த நிமிடமே கலைந்துபோயிற்று. ஆனாலும் உன்னை வேறு எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

இனி மற்றதைச் சொல்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம், சுபா. செத்தவளோடு கோபிக்கக் கூடாது என்கிறார் அம்மா. உயிரோடு இருக்கிறவர்களோடு கோபித்து முடித்துவிட்டேன். மிச்சம் நீதான்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் உன் வீடு. சனிக்கிழமை காலையில் ஹோலில் இருக்கும் கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, திரையை இழுத்து மூடிவிட்டு, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பெல்லி டான்ஸ் பழக்கினாய். துபாயில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு எகிப்துக்காரியிடம் நீ பழகியது. டொக்டர் ஓம் என்று சொல்லாமல் ஒருத்தியையும் சேர்க்கமாட்டாய். முதுகை வளைக்கவிடமாட்டாய், துள்ளவிடமாட்டாய். வெறுங்காலை நிலத்தில் நன்றாகப் பதித்து, முழங்காலை இளக்கி, இடுப்பை மட்டும் மெல்ல வட்டம் போட வேண்டும். பிறகு எட்டு. உழுந்து அரைக்கிற மாதிரி, அவசரப்படக் கூடாது என்பாய். இடுப்பில் கட்டிய துணியில் தைத்த காசு மாதிரிச் சில்லுகள் கிலுகிலுக்கும்போது, வயிறு கனக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோகும்.

கீழே கரையோர ரயில் போனால் யன்னல் எல்லாம் அதிரும். அப்போது மட்டும் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மூச்சை நீளமாக விடச் சொல்வாய். வலியும் இப்படித்தான், வரும், அதிரும், போகும் என்று பழக்குவதற்கு நீ கண்டுபிடித்த வழி அது. ரயில் பிந்துகிற நாட்களில் எங்களுக்கு அலுத்துப்போகும்.

வெளியே இதற்கெல்லாம் பெயர் யோகா. உண்மை தெரிந்தால் மாமிமார் வயிற்றோடு கபரே ஆடுகிறாளவை என்று கோயில் வீதிவரைக்கும் கொண்டுபோவார்கள். என்னுடைய அம்மாகூட வாசலில் விட்டுவிட்டு, யோகா முடிந்ததும் போனில் கோல் எடு என்றுதான் சொல்லிப் போவார். அந்தப் பொய்யை எங்கள் எல்லோருக்கும் சொல்லித்தந்தவளே நீதான். ஆனால் கதவு மூடியதும் வேறு சட்டம். இந்த ஹோலுக்குள் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒருத்தரும் பொய் சொல்லக் கூடாது. வலிக்குமா என்று கேட்டால் வலிக்கும் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்ததென்று எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாய். தாரணி உன் வயிற்றில் இருந்தபோது யாழ்ப்பாணத்தில் உன் அப்பா தவறிவிட்டார். பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவுச் செய்தி சொல்வதில்லை, செத்த வீட்டுக்கு அனுப்புவதுமில்லை. அது எங்கள் வழக்கம். அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, கதைக்க ஏலாது என்றே உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ பாவம், காலிவீதியில் இருமல் மருந்து வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டாய். எரித்து முடிந்த மனிசனுக்கு இருமல் மருந்து.

அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாய். "மதி, உனக்கு நான் அப்பிடிச் செய்யமாட்டன். நீயும் எனக்குச் செய்யாதை" என்றாய். நினைவிருக்கிறதா?

எனக்கு நாள் நெருங்கியபோது உனக்குக் காய்ச்சல். டெங்கு போலக் கிடக்கு, இந்தச் சனி வகுப்பில்லை என்று குரல் பதிந்து அனுப்பினாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து குரலே வரவில்லை, எழுத்துதான் வந்தது. தட்டச் சோம்பல்பட்டு ஓம் என்பதைக்கூடக் குரலில் அனுப்புகிறவள் நீ. ஏனடி கதைக்கிறாயில்லை என்று கேட்டேன். தொண்டை கட்டிப்போச்சு என்று பதில் வந்தது. அதே தொண்டை, சுபா. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் அதைச் சொன்னது நீ.

பிறகு நீ கனடாவில் அண்ணனிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். காய்ச்சல் மாறின கையோடு அப்படி என்ன அவசரமென்று கேட்டேன். டிக்கெட் முதலே போட்டிருந்ததாம். இடையில் ஒரு வேலைநாளில் இவர் மத்தியானமே வீட்டுக்கு வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே குளியலறைக்குள் போய்த் தலைமுழுகினார். சரியான வெக்கை என்றார். உன்னை மலர்ச்சாலையிலிருந்து கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோன நாள் அது. தலையைத் துவட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டார்.

வலி வந்த அன்று ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வட்டம் போட்டேன். மருத்துவமாது சிங்களத்தில் என்ன நங்கி இது நடனமா என்று கேட்டுச் சிரித்தா. உள்ளே கூட்டிப்போக முன்னம் உனக்கு எழுதினேன், பயமாயிருக்கு என்று. பதில் உடனே வந்தது. "காலைப் பதிச்சு நில். ரயில் வருது, போகும். நான் பக்கத்திலைதான் நிக்கிறன்." அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளையைப் பெற்றேன். நீ சாம்பலாகி வாரங்கள் ஆகியிருந்தன.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவுக்கு வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், சுபா கனடாவிலிருந்து வந்துவிட்டாளா, அவளுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். அம்மா செம்பைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, சுபா நீ பெறமுதலே மோசம் போயிட்டாள். துடக்குக் கழியட்டும் எண்டு இருந்தனாங்கள்."

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டேன். எழும்பி ஓடவும் முடியவில்லை. உன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒரு பூ வைக்கவில்லை. உன் அந்தியேட்டிக் கிரியை நடந்த நேரம் நான் எங்கே, என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்? இவரோடு கிழமைக்கணக்கில் கதைக்கவில்லை. உனக்கும் பிள்ளைக்கும் நல்லதுக்குத்தானே என்றார். அந்த நல்லதை நான் கேட்டேனா?

டொக்டர் வெளியே போகலாம் என்றதும் உன் தங்கை வாசுகியிடம்தான் போனேன். உன் போன் அவளிடம் இருந்தது. என்ன துணிச்சலில் செத்தவளின் பெயரில் எழுதினாய் என்று வாசலிலேயே கேட்டேன். அவள் அழவில்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தினாள்.

"அக்காதான் சொன்னவ. ஆஸ்பத்திரியிலை, கடைசி நாள். மதிக்குப் பிள்ளை பிறக்குமட்டும் நான் இருக்கிறன் எண்டு சொல்லு. கேட்டால் தொண்டை கட்டிப்போச்செண்டு சொல்லு எண்டவ."

தொண்டையை எடுத்துக் கொடுத்தது நீதான். உனக்குச் செய்த அதே பொய்யைப் பத்திரமாக வைத்திருந்து எனக்குத் தந்துவிட்டாய். அம்மாவும் இவரும் வழக்கத்துக்குப் பயந்து செய்தார்கள். உனக்கு என்ன பயம்? இருமல் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டவளுக்கு இது எப்படி வலிக்கும் என்று தெரியாதா?

நான் வெளிக்கிட்டபோது வாசுகி இன்னொன்றும் சொன்னாள். எனக்குப் பதில் போடுகிற நேரம் மட்டும்தான் நீ இருக்கிற மாதிரி அவளுக்கு இருந்ததாம். அவளை என்னால் பிறகு ஏச முடியவில்லை. உன்னை ஏச முடிகிறது.

வீட்டில் ஒரு நாள் பிள்ளை தூங்கிய நேரம் நீ தந்த சில்லுத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். சின்னதாக ஒரு வட்டம்கூட வரவில்லை. இடுப்பு மரம் மாதிரி நின்றது. என் உடம்பும் உன்னோடு கோபம்.

போன சனிக்கிழமை வாசுகி என்னை உன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். கௌசியை உனக்குத் தெரியும், நீ கடைசியாகச் சேர்த்த பிள்ளை. இப்போது நிறைமாதம். வகுப்பு எப்போது என்று கேட்டுக் கேட்டு, அன்று மாமியையும் கூட்டிக்கொண்டு வந்தே விட்டாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. சுபா அக்கா கனடாவிலிருந்து எப்போது வருவா என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்று மாமி, சொல்லாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

அந்த வயிற்றைப் பார்த்தேன். அடுத்த மாதம் என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு சுகமாக வந்தது தெரியுமா? அந்த நேரம் நீ எனக்கு விளங்கினாய். விளங்கியதால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

யோகா தொடங்கப் போகிறது என்று சொல்லி மாமியைக் கீழே அனுப்பினேன். கதவை மூடினேன். கௌசியைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"சுபா இல்லை, கௌசி. டெங்கிலை செத்துப்போட்டாள். எனக்கும் மறைச்சவை. உனக்கு நான் மறைக்கமாட்டன்."

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஏதாவது ஆகிவிட்டால் மாமி என்னைச் சும்மா விடமாட்டார் என்பதும் தெரியும். அப்போது கீழே ரயில் வந்தது. யன்னல் அதிர்ந்தது. கௌசி ஒருத்தரும் சொல்லாமலே எழுந்து, காலைப் பதித்து, வயிற்றைத் தாங்கிப் பிடித்து மூச்சை விட்டாள். நானும் எழுந்து என் வெறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் போன பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "பெறேக்கை சரியா வலிக்குமோ அக்கா?" என்று கேட்டாள்.

வலிக்கும் என்றேன். பிறகு இரண்டு பேரும் வட்டம் போட்டோம். எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

தாரணி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உன் இடுப்பு, நீ நிற்கிற விதம். அவள் வளர்ந்து ஒரு நாள் வயிற்றோடு என் முன்னால் வந்து நிற்பாள். அன்றைக்கு அவள் எதைக் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வேன். நீ நல்லவள் என்று சொல்வேன். நீ எனக்குச் செய்ததையும் சொல்வேன். இது சத்தியம், சுபா. இதையாவது ஒருத்தி காப்பாற்றட்டும்.

சம்பந்தம் கலைந்தும் கோபம் ஆறாத
உன் சம்பந்தி,
மதி